அளவற்ற இலவயமும் அளந்து வைத்த கணக்கும்

ஊதியம் இன்றி வணிகன் ஆற்றில் இறங்கான் என்பது நம் நாட்டுப்புறத்தார் கண்டறிந்து சொன்ன உண்மை. ஆயினும் இற்றை நாளில், கடல்கடந்த வணிக நிறுவனம் ஒன்று, நம் தமிழன்பர்கள் நடத்தும் சிற்றிதழ்த் தளங்களையும் நூல்தொகுப்புத் தளங்களையும் சொற்பட்டியல்களையும், ஒரு காசும் பெறாமல், எத்துணைப் பேர் படித்தனர் என்று அளந்தும் பாராமல், உலகெங்கும் சுமந்து சென்று படிப்பார் கையில் சேர்க்கின்றது. "அளவும் இல்லை, கட்டணமும் இல்லை" என்கின்றது. இஃது எங்ஙனம் இயலும்?

அன்பர் சிலர் இதனை ஈகை என்று போற்றுகின்றனர். வேறு சிலர் இதில் ஏதோ ஒரு சூழ்ச்சி புதைந்துள்ளது என்று அஞ்சி ஒதுங்குகின்றனர். இரண்டும் கணக்குப் பாராதார் கூற்று. இஃது ஈகையும் அன்று, மாயமும் அன்று, அளந்து வைத்த கணக்கு. அக் கணக்கை நாமும் போட்டுப் பார்த்தல் வேண்டும். பார்த்தால், அஞ்ச வேண்டியது எது, அஞ்ச வேண்டாதது எது என்பது மட்டுமன்று. நாம் செய்யத்தக்கது எது என்பதும் விளங்கும்.

கணக்குப் போடுவதற்கு அயல்நாடு போகத் தேவையில்லை. சென்னைக்கு மேற்கே அம்பத்தூர் வரை போனால் போதும். 1960-களில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் திருகாணியும் அச்சாணியும் வார்ப்பிரும்புப் பொருள்களும் செய்தோர் பலர். அதே அம்பத்தூரில் இன்று பலகணி குறைந்த பெருங்கட்டடங்கள் எழுந்துள்ளன. அவற்றின் பக்கத்தில் மின்னாக்கிப் பொறிகள் வரிசையாக நிற்கின்றன. குளிர்விக்கும் பொறிகள் இரவும் பகலும் இரைகின்றன. உள்ளே மாந்தர் சிலர், கணிப்பொறிகளோ பல்லாயிரம். இவை தரவகங்கள். சப்பானிய நிறுவனமாகிய என்.டி.டி. 2023-ஆம் ஆண்டு இங்கே திறந்த தரவக வளாகம் 34.8 மெகாவாட்டு மின்னாற்றலுக்கு அமைந்தது. டிசிட்டல் கனெக்சியன் என்னும் கூட்டு நிறுவனம் 2024 சனவரியில் 20 மெகாவாட்டு அளவில் தொடங்கியதோ 100 மெகாவாட்டு வரை வளர்வதற்குத் திட்டமிடப்பெற்றது. நாம் கைப்பேசியில் திறக்கும் பக்கங்கள் வானத்திலிருந்து இறங்கி வருவன அல்ல. இத்தகைய கட்டடங்களில் உள்ள பெட்டிகளிலிருந்து கம்பிவடத்தின் வழியே வருவன.

முதற்கண், இப் பணி யாது என்று காண்போம். எழும்பூர்க் கன்னிமாரா நூலகத்தில் ஒரு நூல் இருக்கின்றது. பூவிருந்தவல்லியில் இருப்பவர் ஆயிரம் பேர் அதனைப் படிக்க விரும்பினால், ஆயிரம் பேரும் எழும்பூருக்குப் போய்வர வேண்டுமா? பூவிருந்தவல்லிக் கிளை நூலகத்தில் ஒரு படியை வாங்கி வைத்தால் போதும். ஒரு முறை வந்த நூல் ஆயிரம் முறை படிக்கப்படும். இணையத்திலும் இதுவே செய்யப்படுகின்றது. மூலத்தளம் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். அதன் படிகள் உலகின் பல நகர்களில் உள்ள பெட்டிகளில் வைக்கப்பெறும். படிப்பவர்க்கு அண்மையில் உள்ள படி அவருக்கு வழங்கப்பெறும். இதனை உள்ளடக்கப் பரப்புவலை என்போம். 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய அகமாய் என்னும் நிறுவனம் இத்துறையில் முன்னோடி. அது பெருநிறுவனங்களிடம் பணம் பெற்றுச் செய்தது. 2010 செபுதம்பரில் பணியைத் தொடங்கிய கிளவுட்பிளேர் என்னும் நிறுவனமோ, எளியோர்க்குக் கட்டணமின்றியே திறந்துவிட்டது. 2015-ஆம் ஆண்டில் சென்னையிலும் மும்பையிலும் தில்லியிலும் தன் பெட்டிகளை வைத்தது. இன்று 330-க்கு மேற்பட்ட நகர்களில் அதன் பெட்டிகள் உள்ளன. உலக வலைத்தளங்களில் ஏறத்தாழ ஐந்திலொன்று அதன் வழியே செல்கின்றது.

இனிக் கணக்கிற்கு வருவோம்.

கோடையில் ஆவடிப் பக்கம் தண்ணீர்ச் சுமையுந்து வருகின்றது. அதற்கு ஒவ்வொரு சுமைக்கும் விலை. மிகுதியாகக் குடித்தால் மிகுதியாகக் கொடுக்க வேண்டும். ஆனால் ஏரியிலிருந்து ஒரு குழாயையே நாம் திங்கள் வாடகைக்கு எடுத்துவிட்டால்? அப்பொழுது விலை குழாயின் அகலத்திற்கு. அதில் ஓடும் நீரின் அளவிற்கன்று. இரவு முழுதும் நீர் ஓடினாலும், ஓடாமல் வறண்டு கிடந்தாலும் தொகை ஒன்றே. இணையத்தில் மொத்த வணிகம் செய்வோர் அனைவரும் குழாயின் அகலத்தையே வாங்குகின்றனர். அவ்வகலத்தைப் பட்டையகலம் என்பர். சில்லறையில் வாங்குவோர்க்கு மட்டுமே சுமைக்கணக்கு.

இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். நொடிக்கு ஒரு கிகாபிட்டு அகலமுள்ள ஒரு குழாய், 30 நாள் முழுதும் நிரம்பி ஓடினால் 3,24,000 கிகாபைட்டு வழங்கும். பெரிய முகில்கணிமை நிறுவனங்களின் விலைப்பட்டியலில், வெளியே செல்லும் ஒரு கிகாபைட்டுக்குத் தொடக்கநிலை விலை ஏறத்தாழ 10 அமெரிக்கக் காசு. அவ்விலையில் முழுதும் கணக்கிட்டால் 32,400 தாலர் ஆகும். பேரளவில் வாங்குவோர்க்குத் தள்ளுபடி உண்டெனினும், அளவு இதுதான். அதே குழாயை ஐரோப்பிய, அமெரிக்கப் பெருநகர்களில் மொத்த விலைக்கு எடுத்தால் திங்களுக்கு ஆயிரம் தாலரும் ஆகாது. நொடிக்கு ஒரு மெகாபிட்டின் மொத்த விலை அங்கே ஒரு தாலருக்கும் கீழே இறங்கி ஆண்டுகள் பல ஆயின. ஆசியாவில் விலை அதனினும் மிகுதியே. ஆயினும் சில்லறைக்கும் மொத்தத்திற்கும் உள்ள இடைவெளி இங்கும் பெரிதே. பட்டையகலம் விலைமிக்க பொருள் என்னும் எண்ணம் நமக்கு வந்ததே, நாம் சுமைக்கணக்கில் வாங்கிப் பழகியதால்தான்.

இன்னும் ஒரு படி மேலே செல்வோம். ஒரு தமிழ்ச் சிற்றிதழின் தளத்தை நாளொன்றுக்கு ஆயிரம் பேர் திறக்கின்றனர் என்றும், ஒவ்வொருவர்க்கும் இரண்டு மெகாபைட்டு அனுப்பப்பெறுகின்றது என்றும் கொள்வோம். திங்களுக்கு 60 கிகாபைட்டு. மேலே சொன்ன ஒரே குழாயில் இத்தகைய தளங்கள் 5,400 அடங்கும்! மக்கள் மாலையில் மிகுதியாகவும் விடியலில் குறைவாகவும் படிப்பர். ஆதலால் நெரிசல் வேளைக்கு இடம் விட்டு ஐந்திலொரு பங்கே கொண்டாலும் ஆயிரம் தளங்கள் அடங்கும். இப்பொழுது சொல்லுங்கள்: "அளவில்லை" என்று அந் நிறுவனம் சொல்வது பெருந்தன்மையா? ஒரு தளத்திற்கு ஆகும் செலவு, அதனை அளந்து விலைச்சீட்டு எழுதும் செலவிற்கும் கீழ்ப்பட்டது. அளக்கும் கூலி பொருளின் விலையை மிஞ்சும்பொழுது அளக்காமல் விடுவதே வணிக அறிவு.

மொத்தக் குழாய்க்கு விலை குறிக்கும் முறையும் இவர்களுக்குத் துணை செய்கின்றது. ஐந்து மணித்துளிக்கு ஒரு முறை ஓட்டம் அளக்கப்பெறும். திங்கள் முடிவில், மிக உயர்ந்த அளவுகளில் ஐந்து விழுக்காட்டைத் தள்ளிவிட்டு, எஞ்சியவற்றுள் உயர்ந்ததற்கே விலை கணக்கிடப்பெறும். 30 நாளில் ஐந்து விழுக்காடு என்பது 36 மணிநேரம். அந்த 36 மணிநேரத்தில் எவ்வளவு பெருக்கெடுத்து ஓடினாலும் விலையில் சேராது. ஒரு சிறிய தளம் ஒரு நாள் திடீரெனப் புகழ்பெற்று இலக்கம் பேர் திரண்டாலும், பெருங்கூட்டத்தில் அது கரைந்துவிடும்.

அடுத்த கரணியத்தை ஆவடித் தொடர்வண்டியிலே காணலாம். காலையில் ஆவடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் வண்டியில் கால்வைக்க இடமில்லை. அதே வேளையில் சென்னையிலிருந்து ஆவடிக்கு வரும் வண்டியில் இருக்கைகள் வெறுமையாக உள்ளன. ஆயினும் வண்டியை இருபுறமும் ஓட்டியே ஆகவேண்டும். இணையக் குழாயும் இருவழிப் பாதையே. உள்வரவு, வெளிச்செலவு என்னும் இரண்டனுள் எது மிகுதியோ அதற்கே விலை. படி வைத்து வழங்கும் பரப்புவலைக்கு உள்ளே வருவது சிறிது. வெளியே செல்வது பன்மடங்கு. ஆகவே உள்வரும் திசையில் விலை கொடுத்த இடம் வெறுமையாகவே கிடக்கின்றது. தளங்களை முடக்குவதற்காகத் தீயோர் ஏவும் பொய்வேண்டுகோள் வெள்ளம் வருவதும் அத்திசையிலேதான். வெறும் வண்டியில் ஏறிய கூட்டத்தால் செலவு மிகுவதில்லை. 2017 செபுதம்பரில் அந் நிறுவனம், தாக்குதல் எவ்வளவு பெரிதாயினும் கட்டணம் ஏற்றோம் என்று அறிவித்ததற்கு இதுவும் ஓர் அடிப்படை.

மூன்றாவது, குழாய்க்கே விலை கொடாமல் தப்பும் வழி. முன்னாளில் அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தின் இணைப்பு உடையவர், ஆவடியில் வேறு நிறுவனத்தின் இணைப்பு உடையவர்க்கு மடல் விடுத்தால், அது கடல்கடந்து அயல்நாடு சென்று மீண்டு வரும் நிலை இருந்தது. இரு நிறுவனங்களும் உள்நாட்டிலே கைகோத்துக் கொள்ளாமையே கரணியம். இக் கேட்டை நீக்கவே 2003-ஆம் ஆண்டில் நிக்சி எனப்படும் இந்திய இணையப் பரிமாற்ற அமைப்பு நிறுவப்பெற்றது. சென்னையிலும் அதன் நிலையம் உண்டு. இத்தகைய பரிமாற்ற நிலையங்களில் இரு வலைகள் நேரே இணைந்து, "உன் சரக்கை நான் வாங்கிக்கொள்கின்றேன், என் சரக்கை நீ வாங்கிக்கொள்" என்று உடன்பட்டால், இடைத்தரகர்க்கு ஒன்றும் கொடுக்க வேண்டுவதில்லை.

பரப்புவலையோடு இங்ஙனம் உடன்படுவதில் இணைப்பு நிறுவனத்திற்கும் ஊதியம் உண்டு. சென்னைக் கடற்கரையிலிருந்து சிங்கைக்குச் செல்லும் கடலடி வடம் 2002-ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது; அதன்பின் வேறு வடங்களும் வந்தன. அவ் வடங்களின் வழியே ஒரே பக்கத்தை ஆயிரம் முறை இழுத்து வருவது இணைப்பு நிறுவனத்திற்குச் செலவு. அப் பக்கத்தின் படி சென்னையிலேயே இருக்குமாயின் அச் செலவு மிஞ்சுகின்றது. எனவேதான் கூகுள், நெட்பிளிக்சு முதலான பெருநிறுவனங்களின் படிப்பெட்டிகளைத் தம் கட்டடத்துக்குள்ளேயே, இடமும் மின்னாற்றலும் கொடுத்து, இணைப்பு நிறுவனங்கள் வைத்துக்கொள்கின்றன. எத்துணை மிகுதியான தளங்களைப் பரப்புவலை கையில் வைத்துள்ளதோ, அத்துணை எளிதில் இணைப்பு நிறுவனங்கள் அதனோடு கைகோக்கும். இலவயமாக வந்த சிறு தளங்கள் பல்லிலக்கமும் அந்த வலிமைக்கு எடை சேர்க்கின்றன. நாம் கொடுக்கும் விலைகளுள் இஃது ஒன்று.

வேறு விலைகளும் உள. தீயோர் ஒரு சிறு தளத்தைத் தாக்கும்பொழுது அத் தாக்குதலின் இயல்பை அந் நிறுவனம் கற்றுக்கொள்கின்றது; கற்றதை வைத்து, பெரும்பணம் கொடுக்கும் வைப்பகங்களையும் வணிகர்களையும் காக்கின்றது. புதிய அமைப்பு ஒன்றைக் கட்டணம் கொடுப்போரிடம் கொண்டு செல்வதற்கு முன்னர், கட்டணமில்லார் தளங்களில் ஓட்டிப் பார்க்க இயல்கின்றது. இன்று சிறு தளம் நடத்தும் இளைஞன் நாளை ஒரு பெருநிறுவனத்தில் கணித்துறைத் தலைவனாவான். அன்று அவன் தனக்குப் பழகிய பெயரையே பரிந்துரைப்பான். கட்டணமின்றி இருந்தவருள் சிலர், வளர்ந்தபின் திங்களுக்கு 20, 25 தாலர் கொடுக்கும் படிநிலைக்கு ஏறுவர். மிகப்பெரியோர் அதனினும் பன்மடங்கு கொடுப்பர். விளம்பரத்திற்குச் செலவிடும் பணத்தைக் குழாய்க்குச் செலவிட்டனர் என்பதே உண்மை. இக் கணக்கின் வலிமையிலேயே அந் நிறுவனம் வளர்ந்து 2019 செபுதம்பரில் நியூயார்க்குப் பங்குச் சந்தையில் ஏறியது. மேலும், "அளவில்லை" என்னும் சொல்லுக்கும் உள்ளே ஒரு வேலி உண்டு. திரைப்படங்களையும் பெருங்காட்சிகளையும் கட்டணமில்லாப் படிநிலையில் ஏற்றி வழங்குதற்கு அதன் நெறிமுறைகள் இடந்தருவதில்லை. பக்கங்களுக்கு அளவில்லை, படக்கொட்டகைக்கு அன்று.

ஆகவே, ஈகை என்று கும்பிட வேண்டா. சூழ்ச்சி என்று ஓடவும் வேண்டா. ஆனால் கணக்கு நேர்மையானதாயிருப்பது வேறு. நம் காப்பு உறுதியாயிருப்பது வேறு. இங்கேதான் அன்பர்கள் கருத்தூன்ற வேண்டும்.

முதலாவது, கைக்கெட்டிய இலவயம் கைவிட்டும் போகும். யாகூ நிறுவனத்தின் சியோசிட்டீசு என்னும் இலவய இடத்தில் இணையத்தின் தொடக்க நாள்களில் பக்கம் அமைத்தோர் எண்ணிலர். தமிழர் பலரும் அவருள் இருந்தனர். 2009 அக்டோபரில் அது மூடப்பெற்றது. படியெடுத்து வைத்தவர் பிழைத்தனர், வையாதவர் இழந்தனர். அங்கே கணக்கு ஒத்துவரவில்லை, கதவு சாத்தப்பெற்றது.

இரண்டாவது, ஒரே தூணில் ஊர் முழுதும் சாய்ந்தால், தூண் அசையும்பொழுது ஊரே அசையும். 2025 நவம்பர் 18-ஆம் நாள் மாலை ஐந்து மணியளவில், அந் நிறுவனத்தின் உள்ளமைப்பில் கோப்பு ஒன்று தன் இயல்பான அளவினும் இருமடங்காகப் பெருகியதால் அதன் பொறிகள் தடுமாறின. எவரும் தாக்கவில்லை, தன் பிழையே. இரவு எட்டு மணி வரையிலும் உலகெங்கும் எண்ணற்ற தளங்கள் திறக்கவில்லை. மூலத்தளம் நன்றாகவே இருந்தது, வாயில்தான் அடைபட்டது.

மூன்றாவது, வாயில் காப்போன் கையில் திறவுகோல் உள்ளது. படிப்பவர்க்கும் தளத்திற்கும் இடையே செல்லும் மறைகுறி மடல், நடுவே பரப்புவலையின் பெட்டியில் அவிழ்க்கப்பெற்று மீண்டும் கட்டப்பெறுகின்றது. அஞ்சல் நிலையத்தில் உறை பிரிக்கப்பெறுவதை ஒக்கும் இது. மேலும், வெறுப்பைப் பரப்பிய தளங்கள் இரண்டினை அந் நிறுவனம் 2017-இலும் 2019-இலும் தன் முடிவாலேயே விலக்கியது. அத் தளங்களுக்காக நாம் இரங்கத் தேவையில்லை. ஆனால் எவரை வைப்பது, எவரை விலக்குவது என்று முடிவு செய்யும் ஆற்றல் எவர் கையில் உள்ளது என்பதை அந் நிகழ்ச்சிகள் காட்டின. பெட்டி சென்னையில் இருக்கலாம். முடிவு சென்னையில் இல்லை.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முதலில், எளிய காப்புகள். தளப்பெயரை உங்கள் பெயரிலேயே பதிந்து, அதன் திறவுச்சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பரப்புவலைக்கும் தளப்பெயர்ப் பதிவுக்கும் ஒரே நிறுவனத்தை நம்பாதீர்கள். ஒன்று வீழ்ந்தால் மற்றொன்றின் வழியே தளத்தை வேறிடத்திற்குத் திருப்பலாம். மூலக் கோப்புகளின் முழுப்படி ஒன்று, பரப்புவலையிலும் அன்று, வாடகைக் கணிப்பொறியிலும் அன்று, உங்கள் இல்லத்து வட்டில் இருக்கட்டும். திங்களுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். படிப்பவரின் பணமறைவுகளையும் தனிச்செய்திகளையும் இலவய வாயிலின் வழியே வாங்காதீர்கள்.

அடுத்து, பெரிய செயல். அவர்கள் கணக்கின் உயிர்நாடி செல்வம் அன்று, கூட்டு. தனித்து நிற்கும் ஒரு தளத்திற்குக் குழாய் விலைமிக்கது. ஆயிரம் தளங்கள் சேர்ந்தால் அதே குழாய் காசளவு. இந்த உண்மைக்குக் காப்புரிமை எவரிடமும் இல்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-ஆம் ஆண்டில் எளிய மக்கள் கூடிக் கூட்டுறவுச் சங்கம் கண்டு, அரிசியும் பருப்பும் மொத்த விலைக்கு வாங்கிப் பகிர்ந்துகொண்டனர். அரிசிக்குப் பொருந்திய கணக்கு பட்டையகலத்திற்கும் பொருந்தும். இஃது ஏட்டுக் கருத்தன்று. 2003-ஆம் ஆண்டு முதல் வளர்ந்துவரும் தமிழ் விக்கிப்பீடியா எந்த வணிகப் பரப்புவலையின் இலவயத்திலும் தொங்கவில்லை. அதனை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, மக்கள் கொடுத்த நன்கொடையைக் கொண்டு தன் படிப்பெட்டிகளைத் தானே வைத்து நடத்துகின்றது. ஆசியப் படிப்பாளர்க்காக 2018-ஆம் ஆண்டில் சிங்கையில் ஒரு நிலையமும் அமைத்தது. விளம்பரமும் இல்லை, வாயில் காப்போன் திறவுகோலும் அயலார் கையில் இல்லை.

நம் தமிழ்த் தளங்கள் இன்று தனித்தனியே அயலார் வாயிலில் நிற்கின்றன. சிற்றிதழ்கள், பதிப்பகங்கள், சுவடித் தொகுப்புகள், அகரமுதலிகள், பள்ளிப்பாடத் தளங்கள் என நூறு தளங்கள் ஒன்றுகூடினால், அம்பத்தூரில் இன்று நிற்கும் தரவகங்களுள் ஒன்றில் ஒரு நிலைப்பேழையின் ஒரு பகுதியை வாடகைக்கு எடுத்து, பரிமாற்ற நிலையத்தோடு இணைந்த ஒரு குழாயையும் பெறலாம். உலகப் படிப்பாளர்க்குப் பெருநிறுவனத்தின் பரப்புவலை தொண்டு செய்யட்டும். தமிழகத்துப் படிப்பாளர்க்கு நம் பெட்டியே வழங்கட்டும். ஒரு வாயில் அடைபட்ட நாளில் மறுவாயில் திறந்திருக்கும். இதற்கு வேண்டுவது கோடிப் பணமன்று. கணிப்பொறி அறிந்த இளைஞர் நால்வரின் உழைப்பும், கணக்கை ஒளிவின்றி எழுதும் ஒருவரின் நேர்மையும், நூறு தளத்தார் ஒருவரையொருவர் நம்பும் உளப்பாங்குமே.

கடைசியாகச் சொன்னதே அரிது என்பதை நாம் அறியாமல் இல்லை. இலவயம் நம்மை ஒரு வகையில் தனிமைப்படுத்திவிட்டது. ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே கட்டணமின்றிக் கிடைக்கும்பொழுது, கூடவேண்டிய தேவை எவர்க்கும் தோன்றுவதில்லை. பட்டையகலத்தின் விலையைக் காட்டிலும் நாம் கொடுத்துவரும் பெரிய விலை இதுவே.

ஆகவே அன்பர்களே, இலவயத்தைப் பயன்படுத்துங்கள், தவறில்லை. அந்தக் கணக்கில் உங்கள் பங்கிற்கான விலையை நீங்கள் முன்னரே வேறு வகையில் செலுத்திவிட்டீர்கள். ஆனால் தங்கியிராதீர்கள். இவ்விதழைப் படித்து முடித்ததும் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். உங்கள் தளத்தின் முழுப்படி ஒன்றை இன்றிரவே இல்லத்து வட்டில் இறக்கி வையுங்கள். பிறகு, நீங்கள் அறிந்த தமிழ்த்தளம் நடத்துவோர் இருவருக்கு மடல் எழுதி, "கூடலாமா?" என்று கேளுங்கள். கூட்டின் கணக்கை அயலார் போட்டுக் காட்டிவிட்டனர். அதே கணக்கை நம் நிலத்தில், நம் கையால் போடுவதே எஞ்சியுள்ளது.